உன் அம்மா பாடிய எட்டுப் பாட்டுகள்

அப்பு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். பத்திரிகை அடிக்கக் கொடுத்தது, கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க நாள் கேட்டது, பெண் வீட்டார் திருச்சியில் மண்டபம் பார்த்தது எல்லாம் சந்தோஷம். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோதுதான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். அந்தப் பெண் டெலிபோன் ஆபீசில் யாரென்றே தெரியாதவர்களோடெல்லாம் நாள் முழுக்கப் பேசுகிறாள், உடன் வேலை பார்ப்பவர்களோடு சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போகிறாள், உனக்கு அது பிடிக்கவில்லை, கல்யாணத்தோடு வேலையை விட்டுவிடச் சொன்னால் யோசித்துச் சொல்கிறேன் என்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே, “இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அம்மா வீட்டோடு இருந்துதானே என்னை வளர்த்தார்கள்?” என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு காகிதம். உன் அம்மா வீட்டோடு இருந்தது உண்மை. ஏன் இருந்தாள் என்பது உனக்குத் தெரியாது. இந்த வீட்டில் அது அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். கல்யாணத்துக்கு முன்னால் நீயும் தெரிந்துகொள்.

நான் மைக் செட் வைத்துப் பிழைத்தவன். திண்டுக்கல்லைச் சுற்றி எந்த ஊரில் கல்யாணம், காதுகுத்து, திருவிழா, கட்சிக் கூட்டம் என்றாலும் என் குழாய்தான் மரத்தில் ஏறும். எந்த நேரத்தில் எந்தப் பாட்டை ஜனங்கள் கேட்பது என்று தீர்மானிக்கிற இடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். ஆனால் எனக்குப் பாட வராது. கோயிலில் வாயைத் திறந்தால் முன்னால் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்ததும் உன் அம்மா, “நீங்க சும்மா உதட்ட மட்டும் அசைங்க, அம்புட்டும் சரியாப் போகும்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் இன்றுவரை நான் கோயிலில் உதட்டை மட்டும்தான் அசைக்கிறேன்.

அவளோடு சேர்த்து மூன்று பேராகப் பாடுவார்கள். அவள், தெரசா டீச்சர், சவரி. மூவரும் அகரத்துக்காரர்கள். சின்ன வயதில் ஒரே பாடகர் குழுவில் நின்றவர்கள். அங்கே இருந்த பங்குச் சாமியார் ஒரே பாட்டை மூன்று குரலுக்கு மூன்றாகப் பிரித்துக் கொடுத்துப் பாட வைப்பார். ஒருவர் மேலே போனால் இன்னொருவர் கீழே தங்குவார், நடுவில் ஒருவர் இரண்டையும் பிடித்துக்கொள்வார். கோயில் பாட்டுக்குக் கற்ற வித்தையை இவர்கள் மூவரும் தோட்டத்துப் பாட்டுக்குக் கொண்டுபோனார்கள். கமலை இறைக்கும்போது பாடுவது, மல்லிகை எடுக்கும்போது பாடுவது, வெங்காயம் நடும்போது பாடுவது, பிள்ளையை ஆட்டும்போது பாடுவது, எல்லாவற்றையும் மூன்று குரலாகப் பிரித்துப் பாடினார்கள். அதற்கு முன்னால் யாரும் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை. ஒரே ஆள் பாடினால் அது தோட்டத்துப் பாட்டு. இவர்கள் பாடினால் தோட்டமே பாடுவதுபோல இருக்கும். பாட வராதவன் நான் சொல்கிறேன், நம்பு.

உன் அம்மாவின் குரல் மேலே போகும். தெரசா டீச்சர் நடுவில். அடியில் தரைபோலக் கிடப்பது சவரியின் குரல். சவரி உன் அம்மாவுக்குத் தாய்மாமன் மகன், முறைக்காரன். அவனுக்குத்தான் அவளைக் கொடுப்பதாக இருந்தது. அந்த வருஷம் சவரி வீட்டுக் கிணறு வற்றிவிட்டது. எனக்கு டவுனில் கடை இருந்தது. அதனால் என் வீட்டுக்கு வந்தாள். இதை அவள் ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. சவரியும் வேறு இடத்தில் கட்டி, நல்லபடியாக இருந்தான். நான்தான் அந்த வற்றிய கிணற்றை நினைத்துக்கொண்டே இருந்தேன். நீ சவரியை மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தாய், ஞாபகம் இருக்கிறதா? முறைப்படி அவன் உனக்குச் சித்தப்பா. நீ பேச ஆரம்பித்த வயதில் அவனைச் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டாய். அந்த வார்த்தை என் காதில் விழுந்ததும் உன்னைத் தூக்கி மடியில் வைத்து, “மாமான்னு சொல்லு” என்று நாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தேன். உன் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். என் பொறாமை அந்த அளவுக்கு இருந்தது.

நீ இரண்டாம் வகுப்பில் இருந்தபோது கோயில் திருவிழாவில் இவர்களைப் பாடச் சொன்னார்கள். மைக் நம்முடையது. ஒரே மைக்கைச் சுற்றி மூவரும் தலையோடு தலை சேர்த்து நின்றுதான் பாடுவார்கள். ஒத்திகையில் அதைப் பார்த்தேன். பாடும்போது உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டு, சவரியின் வாய்ப் பக்கம் காதைச் சாய்த்து நின்றாள். மறுநாள் மதுரைக்குப் போய் இன்னும் இரண்டு மைக் வாடகைக்கு எடுத்து வந்தேன். ஆளுக்கு ஒன்று. நான்கு அடி தள்ளித் தள்ளி நட்டேன்.

“இது எதுக்குங்க?” என்றாள் உன் அம்மா.

“சத்தம் நல்லா வரும். மெட்ராஸ்ல எல்லாம் இப்படித்தான்” என்றேன்.

பாடிப் பார்த்தார்கள். இரண்டாவது வரியிலேயே குரல்கள் ஒன்றை ஒன்று விட்டுவிட்டன. தெரசா டீச்சர் நிறுத்திவிட்டார். சவரி தயங்கித் தயங்கி, “அண்ணே, தள்ளி நின்னா ஒருத்தர் மூச்சு ஒருத்தருக்குக் கேக்க மாட்டேங்குது. மூச்சு கேட்டாத்தாண்ணே எங்க நிறுத்துறதுன்னு தெரியும்” என்றான். நியாயமாகத்தான் பேசினான். அந்த நியாயமே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. உன் அம்மா தன் மைக்கை விட்டு நடந்து, நடு மைக்குக்குப் போய் நின்றாள். மற்ற இருவரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். நான் இரண்டு மைக்கையும் கழற்றிச் சுருட்டினேன்.

அந்தத் திருவிழாவுக்கு மெட்ராஸிலிருந்து ஒரு கிராமபோன் பிளேட் கம்பெனிக்காரர் வந்திருந்தார். என்னிடம் புதுப் பிளேட்டுகள் கொடுக்க வந்தவர், என் பெஞ்சிலேயே உட்கார்ந்து கேட்டார். பாட்டு முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இவங்க யாருங்க? இவங்கள ஒரு செட்டாப் போடணுமே” என்றார். நாடகங்களை நாலைந்து பிளேட்டில் பதிந்து அட்டைப் பெட்டியில் வைத்து விற்பார்களே, அதுபோல நாலு பிளேட், எட்டுப் பாட்டு. அவர் கேட்டது என் மனைவியைப் பற்றி. நான் பெருமையோடு, “என் சம்சாரந்தான்” என்று சொல்லியிருக்க வேண்டும். “அகரத்துப் பக்கத்து ஆளுக” என்றேன்.

ஆனாலும் பாட்டைப் பதிய மூவரையும் மெட்ராஸுக்குக் கூப்பிட்டபோது நானும் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. பதிவு செய்கிற அறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். மூவரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்றார்கள். முதலில் மல்லிகை எடுக்கிற பாட்டு. ‘பூவெடுக்கப் போனவளே, பொழுதென்ன பாத்தியாடி’ என்று உன் அம்மா ஆரம்பித்தாள். தெரசா டீச்சர் பக்கத்தில் வந்து சேர்ந்தார். அந்த வரி முடிகிற இடத்தில் சவரி கீழேயிருந்து மெல்ல உள்ளே வந்தான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதே நிமிஷத்தில் எழுந்து போய் அவன் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போலவும் இருந்தது. என்னை அறியாமல் அசைந்திருக்கிறேன். நாற்காலி கிறீச்சிட்டது. எஞ்சினியர் பதிவை நிறுத்திவிட்டு, “சார், நீங்க செத்த வெளியில இருங்க” என்றார். மீதி ஏழு பாட்டையும் நான் மாடிப்படியில் உட்கார்ந்து கதவுக்கு வெளியிலிருந்து கேட்டேன். திரும்பி வந்தது பகல் ரயிலில். விழுப்புரம் தாண்டியும் மூவரும் பேச்சை நிறுத்தவில்லை. எந்தப் பாட்டில் யார் மூச்சு விட்டது, எந்த இடத்தில் தெரசா டீச்சர் தும்மலை அடக்கினார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நடுநடுவே உன் அம்மா எனக்கும் விளக்கிச் சொன்னாள். எனக்குப் புரியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டதை அவள் முகத்திலேயே பார்த்தேன். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவளுக்கும் சவரிக்கும் தப்பாக எதுவும் இருந்ததா என்று நீ கேட்பாய். இல்லை. அப்போதே எனக்கு அது தெரியும். தெரிந்தும் பொறாமைப்பட்டேன் என்பதுதான் விஷயம். நான் பொறாமைப்பட்டது சவரி என்ற ஆளைப் பார்த்து மட்டும் இல்லை. அவள் சந்தோஷமாக இருக்கிற ஒரு இடம் இருந்தது. அந்த இடத்துக்குள் எனக்கு வழி இல்லை. வெளியே நிற்கிறோமே என்ற கோபத்தை அவள் மேல் சந்தேகம் என்று நானே பெயர் மாற்றி வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் டீ குடிக்கப் போகிறாள் என்று நீ எழுதியிருந்ததில் என் கையெழுத்தைப் பார்த்தேன், அப்பு.

பிளேட் வந்தது. தகரப் பெட்டிபோலக் கெட்டியான நீல அட்டைப் பெட்டி. உள்ளே நாலு பிளேட். ஒவ்வொன்றின் நடுவிலும் மூன்று பெயர்கள், சகாயமேரி, தெரசா, சவரிமுத்து என்று. நம் வட்டாரத்தில் விற்பதற்கு ஒரு பெரிய மரப்பெட்டி நிறையச் செட்டுகளை என் கடைக்குத்தான் அனுப்பியிருந்தார்கள். ஒரு செட்டை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து உன் அம்மா கையில் கொடுத்தேன். அவள் அந்தப் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். மற்றவற்றை மரப்பெட்டியோடு பழைய பேட்டரிகளுக்குப் பின்னால் தள்ளி, மேலே ஒரு சாக்கைப் போட்டேன். எந்தக் கல்யாணத்திலும் போடவில்லை. எந்தத் திருவிழாவிலும் போடவில்லை. நன்றாக இல்லை என்பதற்காக ஒளிக்கவில்லை. நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் தைரியமாகப் போட்டிருப்பேன்.

பேகம்பூரில் டீக்கடை வைத்திருந்த ஜமால் பாய் கேட்டார். “என்னண்ணே, நம்ம தங்கச்சி பாடுன பிளேட்டு வந்துருச்சாமே? எம் மக நிக்காஹ்வுக்கு அதப் போடுங்க.” கம்பெனியிலிருந்து இன்னும் வரவில்லை என்று சொன்னேன். நாலு பேர் கேட்டார்கள், நாலு பேரிடமும் அதையே சொன்னேன். வெளியே சொன்ன பொய்யை ஆண்டவன் மன்னித்தாலும் மன்னிப்பான். வீட்டில் சொன்னதுதான் பெரிய பாவம். உன் அம்மா ஒரு நாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

“தாடிக்கொம்பு கல்யாணத்துல எங்க பாட்டப் போட்டீகளா?”

“போட்டேன்.”

“எத?”

“கமலைப் பாட்டு.”

“யாரும் ஒண்ணுஞ் சொல்லலையா?”

என் தட்டில் வெஞ்சனத்தை வைத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்கூட உண்மையைச் சொல்லியிருக்கலாம். “கொஞ்ச நேரம் கேட்டாக. அப்புறம் எந்திரிச்சுப் போயிட்டாக. சினிமாப் பாட்டுப் போடுன்னு சத்தம் போட்டாக” என்றேன். அவள் “ம்” என்றாள். கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. சில மாதங்கள் கழித்துக் கம்பெனிக்காரர் என்னிடம் வந்து, இரண்டாவது செட் போடலாமா, உங்கள் பக்கம் எப்படிப் போகிறது என்று கேட்டார். “கிராக்கியே இல்லீங்க” என்றேன். அவர் முகம் வாடியது. “எனக்கு ரொம்பப் பிடிச்சுதே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவது செட் வரவில்லை. தெரசா டீச்சர் குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார். சவரி குடும்பத்தோடு கோயம்புத்தூர் மில்லுக்குப் போனான். உன் அம்மா அடுப்படியில் முணுமுணுப்பதைக்கூட நிறுத்தினாள். கோயில் பாடகர் குழுவில் கூப்பிட்டபோது தொண்டை சரியில்லை என்றாள். அவளை வீட்டோடு இரு என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிட்டேன்.

நீ பள்ளி இறுதிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருஷம் அது வெளியே வந்தது. பழனிப் பக்கம் கீரனூரில் ஒரு பெரிய தோட்டக்காரர் வீட்டுக் கல்யாணம். உன் அம்மாவின் அண்ணன்மார்தான் அகரத்திலிருந்து மல்லிகை கொண்டுபோனார்கள். அவர்கள் சொல்லி மைக் செட் எனக்கு வந்தது. பூ கட்டுவதற்குக் கை வேண்டும் என்று உன் அம்மாவும் அவர்களோடு வந்திருந்தாள். முதல் நாள் காலை, பத்து மணி இருக்கும். பந்தலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நான் சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பெண்ணின் தாயார் ஒரு பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். நீல அட்டை வெளுத்து, மூலைகள் கிழிந்து, துணி வைத்து ஒட்டியிருந்தது.

“ஏனுங்க, சினிமாப் பாட்டு போதுமுங்க. இதப் போடுங்க. கோயமுத்தூருல வாங்குனதுங்க. எங்க பெரியவ கல்யாணத்துக்கும் இதுதானுங்க பாடுச்சு.”

நான் பெட்டியைக் கையில் வாங்கவில்லை. “ஊசி தேஞ்சிருச்சும்மா” என்றேன்.

“எங்ககிட்ட இருக்குதுங்க” என்று முந்தானையை அவிழ்த்து ஒரு சின்ன டப்பாவை நீட்டினார்.

வேறு வழியில்லாமல் போட்டேன். நூறு தடவை ஓடித் தேய்ந்த பிளேட். சரசரவென்ற இரைச்சலுக்குள்ளிருந்து உன் அம்மாவின் குரல் வேப்பமரத்துக் குழாய் வழியாக அந்தத் தோட்டம் முழுக்கப் போனது. வெங்காயம் உரித்த பெண்கள் கையை நிறுத்தாமலே கூடப் பாட ஆரம்பித்தார்கள். வெறுமனே பாடவில்லை, அப்பு. மூன்றாகப் பிரிந்து பாடினார்கள். இந்தப் பக்கம் இருந்தவர்கள் மேல் குரலை, அந்தப் பக்கம் இருந்தவர்கள் நடுக் குரலை, ஒரு பருத்த கிழவி தனியாகச் சவரியின் குரலை. பிளேட்டைக் கேட்டுக் கேட்டுத் தாங்களாகவே பிரித்துக் கற்றிருக்கிறார்கள். என் பெட்டிகள் சாக்குக்கு அடியில் கிடந்த அத்தனை வருஷமும் அந்த ஒரு தோட்டத்தில் அந்தப் பாட்டு உயிரோடு இருந்திருக்கிறது.

உன் அம்மா பூக்கூடையின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையில் பாதி கட்டிய சரம். பக்கத்திலிருந்த ஒரு பெண், “நீங்க திண்டுக்கல்லுங்களா? இதப் பாடுன புள்ளைங்களத் தெரியுமுங்களா?” என்று கேட்டது எனக்குக் கேட்டது. “தெரியாதுங்க” என்றாள் உன் அம்மா. பிறகு என்னிடம் நடந்து வந்தாள். பிளேட் ஓடி முடிந்து ஊசி நடுவில் சுற்றிக்கொண்டிருந்தது.

“எந்திரிச்சுப் போயிட்டாகன்னு சொன்னீகளே.”

நான் ஊசியைத் தூக்கி ஓரமாக வைத்தேன்.

“எந்த ஊர்ல எந்திரிச்சுப் போனாக?”

“எந்த ஊர்லயும் இல்ல, சகாயம். நான் போடவே இல்ல.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. ரொம்ப மெதுவாக, கணக்குப் பாடத்தில் புரியாததைக் கேட்பதுபோலக் கேட்டாள். “பாடாமப் போனது போகட்டும். நாங்க பாடுனது நல்லா இல்ல போலன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேனே, அம்புட்டு வருசமும். அத என்ன செய்வீக?” நான் பிளேட்டைத் திருப்பிப் போட்டேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. அம்மா ஏன் பேச மாட்டேங்கிறாங்க என்று நீ கேட்டாய். பல்வலி என்றேன். அதுவும் பொய்தான்.

பிறகு அந்த மரப்பெட்டியை வெளியே இழுத்து, போகிற இடமெல்லாம் போட்டேன். காலம் கடந்துவிட்டது. புது மாதிரி மெல்லிய பிளேட்டுகள் வந்துவிட்டன. இளசுகள், “இது என்ன பழைய பாட்டு” என்றார்கள். மெட்ராஸுக்கு எழுதினேன். அந்தக் கம்பெனிக்காரர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார், அந்தப் பதிவுகள் இப்போது இல்லை என்று வேறு யாரோ பதில் போட்டார்கள். ஜமால் பாயிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் எனக்கு டீ கொடுத்தார், ஆனால் எதிரில் உட்காரவில்லை. உன் அம்மா என்னை மன்னித்துவிட்டாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சேர்ந்து வாழ்கிறோம், சேர்ந்து சிரிக்கிறோம். சில நேரம் நான் ஏதாவது நல்ல செய்தி சொன்னால், “நெசமாவா?” என்று கேட்டுவிட்டு என் முகத்தைச் செத்த நேரம் கூடுதலாகப் பார்ப்பாள். என் பொய்க்குக் கிடைத்த தண்டனை அந்தப் பார்வை. சாகும்வரை அது இருக்கும்.

பொறாமையை அடக்கிவிட்டேன் என்று சொல்லி உனக்குப் புத்திமதி எழுத எனக்குத் தகுதி இல்லை. அது போகவில்லை. சவரியின் கடைசி மகளுக்குக் கோயிலில் புதுநன்மை, முதல் தடவை நற்கருணை வாங்குகிறாள் என்று கடிதம் வந்தது. தெரசா டீச்சரும் குன்னூரிலிருந்து வருகிறார். உன் அம்மா மூன்று நாளைக்குக் கோயம்புத்தூர் போயிருக்கிறாள். நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். “பாடுவீகளா?” என்று கேட்டேன். “வாய் இருக்கே” என்றாள். பஸ் போனபின்னும் அங்கேயே நின்றேன். இப்போது பகல் பன்னிரண்டு மணி. பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டு இதை எழுதுகிறேன். இந்நேரம் மூவரும் தலையோடு தலை சேர்த்து நிற்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. எரியட்டும். எரிகிற வயிற்றோடு வீட்டில் உட்கார்ந்திருக்க ஒரு மனுஷனால் முடியும். இதை இருபது வருஷத்துக்கு முன்னால் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். நான் உனக்குச் சொல்லிவிட்டேன்.

போவதற்கு முன்னால் உன் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன், கடைசிப் பக்கத்தையும் சேர்த்து. சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், “அந்தப் புள்ள தானா வேலைய விட்டா அது அது இஷ்டம். இவன் விட வச்சான்னு தெரிஞ்சா நான் கல்யாணத்துக்கு வர மாட்டேன்னு எழுதுங்க” என்றாள். எழுதிவிட்டேன். உன் அம்மா சொன்னால் செய்வாள்.

இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் போட வேண்டாம், அப்பு. முதலில் அந்தப் பெண்ணுக்கு எழுது.

அப்பா